கழுதைக்குள் பதினேழு வருடம்

சர்க்கஸில் அவளை எல்லோரும் பின்கால் என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்து 'பின்கால் அக்கா' என்பார்கள். ஹாஸ்டலில் தங்கிப் படித்த மகளிடம் ஒரு தடவை டீச்சர், "உங்கம்மா என்ன வேலை பாக்குறாங்க?" என்று கேட்டாராம். மகள் கொஞ்சமும் யோசிக்காமல், "கழுதையோட பின்னங்கால் டீச்சர். அப்பா முன்னங்கால்" என்று சொல்லி, டீச்சரிடமே பொய் சொன்னதற்காகப் பெஞ்சு மேல் ஏறி நின்றாள்.

பொய்யே இல்லை. துணிக்கழுதை ஒன்று. அதற்குள் இரண்டு ஆள். முன்னால் நிற்பவர் கழுதையின் தலையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கலாம். பின்னால் இருப்பவர் இடுப்பை ஒடித்துக் குனிந்து, முன்னாலிருப்பவரின் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். குனிந்தவர் முதுகுதான் கழுதையின் முதுகு. முன்னால் நின்றவர் அவள் புருஷன். பின்னால் குனிந்தவள் அவள்.

அவள் அந்த வேலைக்கு வந்தவளே இல்லை. சர்க்கஸின் தையல்காரி. பார் விளையாடுகிற பெண்களின் ஜிகினா உடுப்பு, பேண்ட் வாசிப்பவர்களின் கோட்டு, ஜோக்கர்களின் தொளதொளப் பேண்ட், எல்லாம் அவள் மெஷினில் ஓடியவைதான். அந்தக் கழுதையையும் அவளேதான் தைத்தாள். சாம்பல் நிறக் கம்பளித் துணி, கம்பி வைத்த காது, கயிறு இழுத்தால் மூடித் திறக்கும் இமை. கல்யாணமாகி ஐந்தாவது மாதம், பின்காலாக இருந்த ஆள் ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வேறு சர்க்கஸுக்குப் போய்விட்டான். மதியம் ஷோ. புருஷன் கழுதைத் தோலைத் தோளில் போட்டுக்கொண்டு தையல் கூடாரத்துக்கு வந்து நின்றான்.

"ரெண்டே நாள். ஆள் கிடைக்கற வரைக்கும்."

"எனக்கு என்ன தெரியும்?"

"குனியத் தெரியுமில்ல? நாள் முழுக்க மெஷின் மேல குனிஞ்சுதானே கெடக்கே?"

அந்த ரெண்டே நாள்தான் பதினேழு வருடம் ஆனது. முதல் மாதம் ஆள் தேடுகிறோம் என்றார்கள். அப்புறம் தேடணும் என்றார்கள். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

பழக்கியது புருஷன்தான், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. தன் வலது கணுக்காலையும் அவள் இடது கணுக்காலையும் ஒரு நீளத் துணியால் கட்டி, வண்டிகளுக்கு நடுவில் இருந்த சந்தில் காலை முழுக்க நடக்க வைப்பான். பேண்ட் சத்தத்தில் உள்ளே பேசினால் கேட்காது. அதனால் எல்லாமே இடுப்பு பாஷை. இடது பக்கம் அசைத்தால் இடது. இரண்டு அசைப்பு என்றால் உட்கார். மூச்சை இழுத்து வயிற்றை உப்பினால் உதை.

"என்கூடவே கால் வைக்காதே" என்பான். "ஒரே நேரத்துல நாலு காலும் போனா அது வெறும் கழுதை. பின்னாடி அரை நொடி லேட்டாப் போகணும். பின்னாடி இருக்கறதுக்குத் தனியா ஒரு மூளை இருக்கிற மாதிரி. அப்பதான் சிரிப்பான்."

அவள் பிடித்துக்கொண்டாள். கழுதை வரும், நடக்க மாட்டேன் என்று உட்காரும், கால் மேல் கால் போடும். பிறகு முன்பக்கம் நின்றபடியே தூங்கிவிடும். இமை மூடும், தலை தொங்கும். அந்த நேரம் பார்த்துப் பின்பக்கம் மட்டும் பேண்டுக்கு ஏற்ப மெதுவாக ஆட ஆரம்பிக்கும். முன்பக்கம் திடுக்கென்று விழித்தால் பின்பக்கம் ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கும். இது மூன்று தடவை. மூன்றாவது தடவை கூடாரமே அதிரும்.

அந்த அதிர்வு அவளுக்குக் காதோடு சரி. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் புருஷனின் முதுகுச் சட்டை, பெல்ட்டின் கடைசி ஓட்டை, துணியின் அடிவழியே இரண்டு சாண் மரத்தூள். குழந்தைகள் சிரிப்பு எது, அம்மாக்கள் சிரிப்பு எது, பக்கத்து ஆள் சிரிக்கிறானே என்று சிரிக்கிற சிரிப்பு எது என்று பிரித்துச் சொல்லுவாள். ஆனால் சிரிக்கிற ஒரு முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. முடிந்து வெளியே போகும்போதும் கழுதை கழுதையாகவே போக வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. "உள்ளேருந்து ஆள் வந்தா குழந்தைங்க அழும்மா" என்பார்.

வேர்வையில் கம்பளி நனைந்து ஈரச்சாக்கு மாதிரி கனக்கும். மூச்சு விட்டால் அந்தச் சூடு முகத்துக்கே திரும்பி வரும். வருடம் ஆக ஆக, வெளியே நடக்கும்போதும் அவள் முதுகு முழுசாக நிமிரவில்லை. கடையில் சாமான் வாங்கப் போனால் கடைக்காரர், "என்னம்மா தொலைச்சீங்க?" என்று தரையைப் பார்ப்பார்.

ஆனால் கண்ணுக்கு வேலை கொடுக்காமல் இருந்தவள் இல்லை. காலை ஒத்திகை நேரத்தில் தையல் மெஷினை வித்தை நடக்கிற வட்ட வளையத்தின் ஓரமாகப் போட்டுக்கொண்டு ஜோக்கர்களைப் பார்ப்பாள். எப்படி விழுகிறார்கள்? தாடையை நெஞ்சோடு சேர்த்து, மூச்சை விட்டு, உள்ளங்கையால் தரையை அறைந்து. சத்தம் கையிலிருந்து வரும், அடி உடம்பில் விழாது. நாற்காலியோடு பின்னால் சாய்வது, வாளித் தண்ணீர் என்று பயமுறுத்திக் காகிதத் துண்டைக் கொட்டுவது, ஏணியின் ஒரு முனையை ஒருவன் தூக்க மறுமுனை இன்னொருவன் தலையில் இடிப்பது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, வெறும் வளையத்தில் ஒரு முக்காலியை வைத்துக்கொண்டு அவள் விழுந்து பார்ப்பாள்.

ஒரு நாள் அதைச் சுண்ணாம்பு பார்த்துவிட்டான். முகம் முழுக்க வெள்ளை பூசிக்கொண்டு, கூம்புத் தொப்பியும் திமிருமாக வந்து மற்ற ஜோக்கர்களை அறைகிற தலைமை ஜோக்கர் அவன். அவளைவிட நாலைந்து வயது மூத்தவன்.

"எவ்வளவு நாளா இது?"

அவள் முந்தானையால் மரத்தூளைத் தட்டிக்கொண்டு, "சும்மா" என்றாள்.

"சும்மா விழறவங்க இப்படி விழ மாட்டாங்க. என் ஜோடி காலை ஒடிச்சுக்கிட்டு ஊருக்குப் போயிட்டான். அறை வாங்க ஆள் இல்லாம நான் ஒரு வாரமாத் தவிக்கறேன். வா, நில்லு."

அறை வாங்குவதில் ஒரு ரகசியமும் இல்லை. அறைபவன் கை கன்னத்தை ஒட்டிக் காற்றைத்தான் வெட்டிக்கொண்டு போகும். வாங்குபவள் அதே நொடி தன் இரண்டு கையையும் இடுப்புக்குக் கீழே தட்டித் தலையைத் திருப்ப வேண்டும். ஒரு இமைப்பொழுது முன்னே பின்னே போனால் கூத்து கெட்டுவிடும். நேரம் அவளுக்குப் பிரச்சினையே இல்லை. பதினேழு வருடமாக அரை நொடியை அளந்து வாழ்ந்தவள். பிரச்சினை அதற்கப்புறம்தான் வந்தது.

"அறை விழுந்தாச்சு. இப்ப ஜனங்களைப் பாரு" என்றான் சுண்ணாம்பு.

அவள் தரையைப் பார்த்தாள்.

"அங்க. மேல. நாற்காலி வரிசையை."

கழுத்து கொஞ்சம் எழுந்தது. கண் மறுபடியும் கீழே போய்விட்டது. வெறும் நாற்காலிதான். ஒரு காக்காய்கூட இல்லை. அப்படியும் அவளால் முடியவில்லை.

"இங்க பாரும்மா" என்று சுண்ணாம்பு முக்காலியில் உட்கார்ந்தான். "முதல்ல அடி விழணும். அப்புறம் அது உனக்குப் புரியணும். புரிஞ்சதை அவங்ககிட்ட சொல்லணும், கண்ணால. 'பார்த்தீங்களா, என்னை அடிச்சுட்டான்'னு. அதைச் சொல்லாம விட்டா அது வெறும் அடி. யாரும் சிரிக்க மாட்டாங்க, பாவம்னு நெனைப்பாங்க."

பதினோரு நாள் ஆனது. முதலில் முதல் வரிசையின் ஒரு நாற்காலி. பிறகு இரண்டு. பிறகு மேல் வரிசைப் பலகைகள். பன்னிரண்டாம் நாள் அவள் அறை வாங்கி, திகைத்து, மெதுவாகத் தலையைத் தூக்கிக் காலி வரிசையைப் பார்த்தபோது, கூட்டிக்கொண்டிருந்தவர் துடைப்பத்தை விட்டுவிட்டுச் சிரித்தார்.

புருஷனிடம் சொன்னபோது அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கழுதை?" என்றான்.

"கழுதை முடிஞ்சு நாலு நிமிஷம் கழிச்சுதான் அறை சீன். மாத்திக்கலாம்."

"நாலு நிமிஷத்துலயா?"

"உடுப்பை நான்தானே தைக்கறேன். ஒரே இழுப்புல மாட்டற மாதிரி தைச்சுக்கறேன்."

"உன் இஷ்டம்" என்றான். அவன் உன் இஷ்டம் என்றால் அது இஷ்டமில்லை என்று அர்த்தம். அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் ஷோவில் கழுதையிலிருந்து வெளியே குதித்து, மூக்குச் சிவப்பை அப்பிக்கொண்டு, வளையத்துக்குள் நடந்தாள். விளக்கு வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தது. அறை விழுந்தது. அவள் தலையைத் தூக்கினாள். மூன்றாவது வரிசையில் ஒரு தடித்த அம்மா, கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, வாயைப் பிளந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளையே பார்த்து. அந்த அம்மாவுக்கு மேல்வரிசையில் இரண்டு பல்லில்லை என்பதுவரைக்கும் பின்காலுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அது ஐந்து வாரம் ஓடியது. ஐந்து வாரமும் கழுதைக்குள் ஏதோ ஒன்று மாறிக்கொண்டிருந்தது. இடுப்பு பாஷை தெரிந்தவளுக்கு அது புரியாமல் இருக்குமா? புருஷன் வேண்டுமென்றே தாமதமாகத் திரும்பினான். தூக்கக் காட்சியை நீட்டினான். நாலு நிமிஷம் மூன்றரை ஆனது, மூன்று ஆனது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாக மாற்றினாள்.

ஆறாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கூடாரம் நிரம்பி வழிந்தது. வழக்கம்போல அவள் முதலில் உள்ளே நுழைந்து குனிந்தாள். புருஷன் தன் பாதிக்குள் நின்று, வயிற்றுப் பக்கத்துக் கொக்கிகளை மாட்டத் தொடங்கினான். வெளியே போகவும் வரவும் அந்த ஒரு வாசல்தான். அவள் கை பெல்ட்டில் இருப்பதால் கொக்கி எப்போதும் அவன் வேலை.

"இன்னிக்கு ஏன் இவ்வளவு நேரம்?"

"கொக்கி நெளிஞ்சிருக்கு. சும்மா இரு."

கழுதை போனது, உட்கார்ந்தது, தூங்கியது, ஆடியது. கூடாரம் அதிர்ந்தது. திரைக்குப் பின்னால் வந்ததும் அவள், "அவுருங்க, அவுருங்க" என்றாள்.

"வரமாட்டேங்குது. மாட்டிக்கிச்சு."

"இழுங்க!"

"இழுக்கறேன்ல."

அவன் இழுக்கவில்லை. அவன் தோள் அசையவே இல்லை என்று அவளுக்கு அவன் முதுகு சொன்னது. அவள் பெல்ட்டை விட்டுவிட்டு, கையை அவன் இடுப்பைச் சுற்றி விட்டுத் தடவினாள். கொக்கி விரலில் பட்டது. கொக்கிக்கு மேல் நூல் பட்டது. மெழுகு பூசிய தடித்த நூல், அவள் பெட்டியில் இருந்த நூல். கோணல்மாணலாக, ஒன்று நீளமும் ஒன்று குட்டையுமாகப் பத்துப் பன்னிரண்டு தையல். அவள் ஆயுசில் அப்படி ஒரு தையல் போட்டதில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் பேண்டில் அவளுடைய பாட்டு ஆரம்பித்தது.

கத்தரிக்கோல் தையல் கூடாரத்தில். திரையைப் பிடித்து நின்ற குதிரைக்காரர், "என்னக்கா, போகலையா?" என்றார். வளையத்தில் சுண்ணாம்பு முக்காலியோடு தனியாக நின்று, அதே பாட்டை இரண்டாவது தடவை வாசிக்கச் சைகை காட்டிக்கொண்டிருந்தான். கம்பளிக்குள் அவளுக்கு மூச்சு முட்டியது. அழுகை வரவில்லை.

அவள் பெல்ட்டைப் பிடித்தாள். ஒரு திருப்பு திருப்பினாள். பதினேழு வருடத்தில் முதல் தடவையாகப் பின்கால் முன்னால் நடந்தது. புருஷன் "ஏய், ஏய்" என்று பின்னாலேயே இழுபட்டான். கழுதை வால் முன்னே, தலை பின்னே என்று திரையைக் கிழித்துக்கொண்டு வளையத்துக்குள் வந்தது. தலை வெளியே ஓடப் பார்க்கிறது, பின்பக்கம் உள்ளே இழுக்கிறது. ஜனங்கள் எழுந்துவிட்டார்கள்.

சுண்ணாம்பு பழுத்த ஆள். ஒரு நொடிதான் திகைத்தான். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கழுதையின் வாலுக்கு முன்னால் வந்து நின்று, கையை ஓங்கினான். அவன் செருப்பு மரத்தூளில் நகர்கிற சத்தத்தை வைத்தே அவள் நொடியைக் கணித்தாள். துணிக்குள் கையைத் தட்டினாள். பளார்! கழுதையின் பின்பக்கம் துள்ளியது. நின்றது. மெதுவாக, மிக மெதுவாக, அடி புரிந்த மாதிரி, ஜனங்கள் பக்கம் திரும்பியது.

அப்படி ஒரு சிரிப்பை அந்தக் கூடாரம் அதற்கு முன்னால் கேட்டதில்லை என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள்.

மேனேஜர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "யாரோட ஐடியா? இனிமே தினமும் இப்படித்தான். தனியா அறை வாங்கறதை எடுத்துடுங்க. அது எல்லா சர்க்கஸ்லயும் இருக்கு. இது யார்கிட்ட இருக்கு?" சுண்ணாம்பு ஏதோ சொல்ல வாயெடுத்தான். மேனேஜர் அதற்குள் போஸ்டர்காரருக்கு ஆள் அனுப்பிவிட்டார். கழுதை வயிற்றில் நூலை அறுக்கிற நேரத்துக்குள் அவளுடைய முகம் வளையத்திலிருந்து போய்விட்டது.

தையல் கூடாரத்தில் அவள் அந்தத் தோலை மடியில் போட்டுக்கொண்டு மிச்ச நூலைப் பிரித்தாள். புருஷன் வாசலில் நின்றான்.

"உள்ள வந்து உக்காருங்க."

"நிக்கறேன்."

"உக்கார முடியலைன்னு சொல்லுங்களேன்."

அவன் பாரத்தை வலது காலுக்கு மாற்றினான்.

"உங்க இடது இடுப்பு மூணு வருஷமா இறங்கிப்போயிருக்கு. ஒவ்வொரு திருப்பத்துலயும் உங்க பாரம் என் கையிலதான் விழுது. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சீங்களா?"

"தெரிஞ்சு ஏன் கேக்கல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். "வேற ஆள் பின்னாடி நின்னா நான் முதல் சுத்துலயே விழுந்துடுவேன். நீ அந்தப் பக்கம் போயிட்டேன்னா, இன்னிக்கு நாலு நிமிஷம், நாளைக்கு முழுசாப் போயிடுவே. அப்புறம் நான் என்ன? கூட்டற வேலையா? பயந்துட்டேன்."

"பயந்தா சொல்லணும். தைக்கறதா?"

"சொல்லியிருந்தா இருந்திருப்பியா?"

அவள் நேர்மையாக யோசித்தாள். "தெரியாது" என்றாள். "ஆனா இருந்திருந்தா, நானா இருந்திருப்பேன்."

சுண்ணாம்பு அடுத்த சீசனுக்கு வேறு சர்க்கஸில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டான். போகும்போது அவளையும் கூப்பிட்டான். ஜோடியாக, முகம் தெரிய, போஸ்டரில் படத்தோடு. அன்றைக்குக் காலையில் புருஷன் வண்டிப் படியில் ஏற இரண்டு கையாலும் தன் காலைத் தூக்கி வைத்ததை அவள் பார்த்திருந்தாள். ஹாஸ்டலில் மகள் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. "அப்புறம் பாக்கலாம்ணா" என்றாள். அப்புறம் என்று ஒன்று இல்லை என்பது இருவருக்குமே தெரியும். சுண்ணாம்பு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனான்.

அதற்கு அடுத்த வருடம் புருஷனுக்கு இடுப்பில் ஆபரேஷன். மூன்று மாதம் படுக்கை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, சொல்லக் கூசும் ஒரு நிம்மதி அவளுக்கு வந்தது. இனிமேல் கழுதை இல்லை. அந்த நிம்மதி மறுநாள் காலை வரைக்கும்தான் இருந்தது. மேனேஜர் சைக்கிள் வித்தை காட்டுகிற ஆளைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார்.

"இவனுக்கு நீ பழக்கிடும்மா. உனக்குத்தான் எல்லாம் தெரியும்."

"சார், நான் முன்னாடி நிக்கறேனே" என்றாள். கேட்டே விட்டாள். "தலையை நான் மாட்டிக்கறேன்."

மேனேஜர் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை. "நீ முன்னாடி போயிட்டா, பின்னாடி யாரும்மா?" என்றார்.

கூடாரம் முழுக்க வேறு யாருக்கும் அந்த அரை நொடி தெரியாது. கெட்டிக்காரத்தனமே பூட்டாக விழுந்துவிட்டது. அவள் ஒரு நீளத் துணியை எடுத்துவந்து, சைக்கிள்காரனின் வலது கணுக்காலையும் தன் இடது கணுக்காலையும் கட்டினாள். வேறு ஓர் ஆணின் பெல்ட். வேறு வேர்வை. இடுப்பு பாஷை ஒரு வார்த்தை தெரியாதவன். முதல் நாள் அவள் முகத்தில் இரண்டு தடவை முட்டினான்.

புருஷன் ஊன்றுகோலோடு எழுந்து வந்தது சீசன் முடிகிற சமயம். ஒரு மதியம் ஷோவுக்கு வாட்ச்மேன் அவனைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் போய் முதல் வரிசையில் உட்கார வைத்தார். கழுதையை அவன் வெளியிலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஷோ முடிந்து அவள் திரைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அவன் வந்து எதிரில் நின்றான். ஏதோ திருட்டுச் சாமானைக் கொடுக்க வந்தவன் மாதிரி இருந்தது முகம்.

"தலையை யாருமே பாக்கல" என்றான்.

"எந்தத் தலையை?"

"கழுதைத் தலையை. நான் இமையை மூடித் தெறக்கறது, காதை ஆட்டறது, இத்தனை வருஷமா அதுக்குத்தான் சிரிக்கறாங்கன்னு நெனைச்சேன். ஒருத்தன்கூட அங்க பாக்கல. எல்லாரும் பின்னாடியேதான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அது ஆட ஆரம்பிச்சதும் பக்கத்துல ஒரு பெரியவர் என் தொடையைப் போட்டு அடிக்கறார். நானே சிரிச்சுட்டேன்."

அவள் துண்டைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று அவன் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"இதைச் சொல்ல உங்களுக்குப் பதினெட்டு வருஷம் ஆச்சு" என்றாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் முன்னாடிதானே இருந்தேன்."

அது உண்மைதான். அதனால் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசிப்பதற்குள் வெளியே இரண்டாவது மணி அடித்தது. அடுத்த ஷோவுக்கு ஜனங்கள் பலகையில் ஏறுகிற சத்தம் கேட்டது. சைக்கிள்காரன் கழுதைத் தோலை விரித்துப் பிடித்துக்கொண்டு, "அக்கா, வரீங்களா?" என்றான்.

புருஷன் ஊன்றுகோலைக் கம்பத்தில் சாய்த்துவிட்டு, அவள் கழற்றிப் போட்டிருந்த செருப்பை எடுத்து ஓரமாக வைத்தான். அவள் எழுந்து, கூந்தலை இறுக்கி முடிந்துகொண்டு, குனிந்து உள்ளே போனாள்.